‘தீபாவளிக்கு இறங்குமா?’: புதிய கேமராவுக்குக் காத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஆடி பிறந்ததும் கேமரா கடைகளுக்கு வரும் முதல் கேள்வி இதுதான்: “இப்பவே எடுத்துக்கலாமா, தீபாவளி வரைக்கும் பொறுத்தா இறங்குமா?” கேட்பவர்களில் பாதிப்பேர் கல்யாண வேலைக்குப் புதிதாக வந்தவர்கள். கையில் ஒரு பழைய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்), மனதில் இரண்டு லட்சத்தைத் தாண்டும் ஒரு ஃபுல்ஃபிரேம் மிரர்லெஸ் (பெரிய சென்சார், உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா). இந்தத் தொழிலில் பத்து வருடம் இருப்பவர்களும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டு, இதே இடத்தில் பணத்தை விட்டவர்கள்தான்.

நாலு கடையில் விசாரியுங்கள், பில் வாங்குங்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம்.

அடுத்த மாடல் வந்தால் இது பாதி விலை ஆகும் என்று நம்புவது

இது செல்போன் வாங்கிப் பழகிய புத்தி. போனுக்கு வருடத்துக்கொரு மாடல் வருகிறது, பழையது சரசரவென்று இறங்குகிறது. கேமரா பாடிக்கு இரண்டு முதல் நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் அடுத்த தலைமுறை. அது வரும்போது அதன் விலை பழைய அறிமுக விலையிலேயே நிற்கிறது, இல்லையென்றால் கூடி வருகிறது.

சோனி ஏ7 த்ரீ 2018இல் அமெரிக்காவில் சுமார் 2,000 டாலருக்கு வந்தது. 2021இல் ஏ7 ஃபோர் 2,500 டாலர். 2025 டிசம்பரில் ஏ7 ஃபைவ் 2,900 டாலர். நிக்கான் இசட்6, இசட்6 டூ இரண்டும் 2,000 டாலரை ஒட்டி வந்தன. 2024 ஜூனில் இசட்6 த்ரீ 2,500. கேனானில் ஆர்6, ஆர்6 மார்க் டூ இரண்டும் 2,500. மார்க் த்ரீ 2,800. இந்தியாவிலும் அப்படியே: ஏ7 த்ரீ பாடி 1,64,990 ரூபாய்க்கு அறிமுகமானது, ஏ7 ஃபோர் 2,42,490க்கு. அடுத்த மாடலுக்காகப் பொறுத்தவர் கூடுதலாக முக்கால் லட்சம் எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று. ‘விலை இறங்கிவிட்டது’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இறக்கம் இல்லை, கேஷ்பேக். அதற்குத் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உண்டு. முடிந்த மறுநாள் விலை பழைய இடத்துக்கே ஏறிவிடும். புதிய பாடியின் விலையைக் கையில் வைத்திருப்பது நிறுவனம்தான். கடைக்காரருக்கு அதில் கிடைக்கும் லாபம் சொற்பம். பேரம் பேசினால் மெமரி கார்டு வரும், பை வரும், ஸ்கிரீன் கார்டு வரும். பாடி விலை நகராது.

விலை மேலே போவதற்குக் காரணங்களும் எங்கிருந்தோ வரும். 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் அயுத்தயாவில் இருந்த நிக்கான் ஆலை மூழ்கியது. சரக்கு வரத்து நின்றது. 2021 கடைசியில் சிப் தட்டுப்பாட்டால் சோனி சில மாடல்களுக்கு ஆர்டர் எடுப்பதையே நிறுத்திவைத்தது. அப்போது இறங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு விலையும் இல்லை, பொருளும் இல்லை.

பழைய பாடியை விற்றுவிட்டுக் காத்திருப்பது

திரும்பத் திரும்ப நடப்பது இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சலூட்டுவதும் இதுதான்.

கதை எப்போதும் வைகாசி கடைசியில் தொடங்குகிறது. புது மாடல் பற்றிய பேச்சு கிளம்பும். “இப்பவே தள்ளிவிட்டுரு, அப்புறம் பத்தாயிரம் குறையும்” என்று யாராவது சொல்வார்கள். தம்பி பழைய பாடியை 75,000க்கு விற்றுவிடுவார். பணம் கைக்கு வந்ததும் ஒரு தெம்பு வரும்: புதியது தீபாவளி ஆஃபரில் எப்படியும் 15,000 இறங்கும், அதுவரை வாடகைக்கு எடுத்து ஓட்டிவிடலாம். ஆனியில் மூன்று கல்யாணம், ஆடி சும்மா, ஆவணியில் ஐந்து.

இங்கே வாடகையைக் கணக்கிடுவதில்தான் இடறுகிறார்கள். எட்டுக் கல்யாணம், நாள் வாடகை 2,000, ஆக 16,000. ஏறக்குறைய சரிக்குச் சரி என்று மனக்கணக்கு போடுகிறார்கள். நம்மூர்க் கல்யாணம் ஒரு நாளில் முடிவதில்லை. முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். பாடியை முந்தின நாள் மதியமே எடுத்தாக வேண்டும். திருப்பிக் கொடுக்க மறுநாள் மாலை ஆகிவிடும். பெரும்பாலான வாடகைக் கடைகளில் அது இரண்டு நாள். எட்டுக் கல்யாணத்துக்கு 16 நாள், 32,000 ரூபாய். 15,000 மிச்சம் பிடிக்க 32,000 செலவு. டெபாசிட்டாக முடங்கும் பணமும், போய் வரும் பெட்ரோலும் தனி.

வாடகை பாடியின் உண்மையான தொந்தரவு முகூர்த்த நேரத்தில் தெரியும். உங்களுக்கு முன்னால் எடுத்தவர் என்னென்ன செட்டிங்கில் விட்டுப்போனார் என்பது அதற்குள் ஒளிந்திருக்கும். கிராப் மோடில், அதாவது சென்சாரின் நடுப்பகுதி மட்டும் பதிவாகும் முறையில் விட்டிருப்பார். 33 மெகாபிக்சல் பாடியில் 14 மெகாபிக்சல்தான் பதிவாகும், ஆல்பம் ஷீட்டுக்குப் பெரிதாக்கும்போதுதான் தெரியும். ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் (சைலன்ட் ஷட்டர்) விட்டிருப்பார். ரிசப்ஷன் மேடையின் எல்இடி சுவருக்கு முன்னால் படம் முழுக்கக் குறுக்குக் கோடுகள் விழும், அதை எடிட்டிங்கில் எடுக்க முடியாது. நாள், நேரம் மாறியிருக்கும். இரண்டு கேமராப் படங்களையும் நேர வரிசையில் அடுக்கினால் தாலி கட்டியபின் மாப்பிள்ளை அழைப்பு வரும்.

வேறு வழியே இல்லாமல் வாடகைக்கு எடுத்தால், கடையை விட்டு நகருமுன் இவ்வளவும் செய்யுங்கள். முதலில் மெனுவில் முழு ரீசெட். நாள், நேரத்தை உங்கள் இன்னொரு பாடியோடு நொடி சுத்தமாகப் பொருத்துங்கள். ஷட்டரை மெக்கானிக்கலில் வையுங்கள், கிராப் மோடை அணையுங்கள். இரண்டு ஸ்லாட்டிலும் கார்டு போட்டு, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகிறதா என்று நாலு படம் எடுத்துப் பாருங்கள். அபெர்ச்சரை 16இல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம். சென்சாரில் தூசி இருந்தால் கருப்புப் புள்ளியாக நிற்கும். புள்ளி இருந்தால் அங்கேயே காட்டி எழுதி வாங்குங்கள், இல்லையென்றால் திருப்பும்போது அது உங்கள் தலையில்.

சரி, விற்காமலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தால்? அதிலும் கசிவு உண்டு. புதிய மாடலுக்கு 15,000 கேஷ்பேக் வந்தால், அதே மாடலை இரண்டாம் கையாக விற்பவர் தன் விலையை இறக்கியாக வேண்டும். அவர் இறக்கினால், முந்தைய தலைமுறையை வைத்திருக்கும் நீங்களும் இறக்கியாக வேண்டும். எந்தச் சலுகைக்காகக் காத்திருந்தீர்களோ அதே சலுகை உங்கள் பழைய பாடியையும் கீழே இழுக்கிறது. நடுவே ஓடிய முகூர்த்தங்களில் ஷட்டர் கவுண்ட்டும் (இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை) பத்து இருபதாயிரம் ஏறியிருக்கும்.

கல்யாண வீட்டாருக்கு ஆல்பம் ஷீட் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்குப் பிசகாமல் எழுதித் தருபவர்கள், தங்கள் காத்திருப்புக்கு மட்டும் ஒரு தாள் எடுப்பதில்லை. நான்கு வரிதான். எதிர்பார்க்கும் இறக்கம் எவ்வளவு. அதுவரை வாடகை எவ்வளவு. பழையதன் விலை அதற்குள் எவ்வளவு குறையும். பாடி இல்லாததால் விட்ட வேலை எவ்வளவு. முதல் வரி மற்ற மூன்றின் கூட்டைவிடப் பெரிதாக இருந்தால் காத்திருங்கள்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் அந்தத் தாளின் முதல் தொகையையும் சுருக்க வேண்டும். பில்லிலேயே 15,000 குறைந்தால் அதில் 2,288 ரூபாய் வரி. இன்புட் கிரெடிட்டாக (வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) எப்படியும் உங்களுக்குத் திரும்ப வந்திருக்கும் பணம் அது. உண்மையான மிச்சம் 12,712.

வரிசை இப்படி இருக்கட்டும்: பழையதற்கு ஆள் பார்த்து விலை பேசி வையுங்கள், கொடுத்துவிடாதீர்கள். புதியதை வாங்குங்கள். இரண்டு கல்யாணத்துக்கு இரண்டையும் எடுத்துப்போங்கள். புதியதில் தயாரிப்புக் கோளாறு இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். மூன்றாவது வாரத்தில் பழையதைக் கொடுங்கள். இடைப்பட்ட பணத்துக்குக் குறுகிய தவணை போதும். ‘நோ காஸ்ட்’ தவணையிலும் செயல்பாட்டுக் கட்டணமும், வட்டித் தொகை மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் விழும். தவணை குறைய அதுவும் குறையும்.

வேலைக்கு இல்லாமல் ஆசைக்கு எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு அந்தத் தாளில் வாடகை பூஜ்யம். தாராளமாகக் காத்திருக்கலாம்.

நாள்காட்டியைத் தலைகீழாகப் பிடிப்பது

காத்திருக்க நல்ல மாதம் புரட்டாசி. வேலை குறைவு, சில வாரத்தில் பண்டிகை ஆஃபர், ஐப்பசி முகூர்த்தத்துக்குள் பாடி கைக்கு வந்துவிடும். காத்திருக்கக் கூடாத மாதம் ஆடி: அடுத்த மாதமே ஆவணி. ஆடிக் கடைசியில் வாங்கினால் புது பாடியின் பட்டன்கள் விரலுக்குப் பழகப் பத்து நாளாவது கிடைக்கும். தை வேலைக்கு மார்கழியில் வாங்குவதும் இதே கணக்கு.

ஜிஎஸ்டி குறையும் என்று காத்திருப்பது

கேமராவுக்கு 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தது 2019 ஜனவரி 1இல். 2025 செப்டம்பர் 22இல் பெரிய டிவிக்கும் ஏசிக்கும் 28 போய் 18 ஆனபோது, கேமராவும் இறங்கும் என்று ஆர்டரைத் தள்ளிப்போட்டவர்கள் ஏராளம். ஏற்கெனவே 18இல் இருந்தது 18இலேயே நின்றது.

மார்ச் 31க்குள் வாங்கினால் வரி மிச்சம் என்று நினைப்பது

பாதிதான் மிச்சம். கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்குக் கேமராவின் தேய்மானம் வருடம் 15 சதவீதம். வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் 7.5 சதவீதம். அக்டோபர் தொடக்கத்துக்குள் பயன்பாட்டுக்கு வந்தால்தான் முழுசு. இன்புட் கிரெடிட் எடுத்த வரித்தொகை மீது தேய்மானம் கேட்க முடியாது.

அட்டைத் தள்ளுபடியைப் பத்து சதவீதம் என்று படிப்பது

கீழே பொடி எழுத்தில் உச்சவரம்பு இருக்கும். இரண்டு லட்சத்துக்குப் பத்து சதவீதம் 20,000 இல்லை. வரம்பு என்ன போட்டிருக்கிறதோ அதுதான்.

பாடி விலையை மட்டும் பார்ப்பது

ஏ7 த்ரீயிலிருந்து ஏ7 ஃபோருக்குப் போனால் பழைய எஃப்இசட்100 பேட்டரிகளே போதும், இரண்டு ஸ்லாட்டிலும் பழைய எஸ்டி கார்டே ஓடும். இசட்6 த்ரீயில் ஒரு ஸ்லாட் எஸ்டி, இன்னொன்று சிஎஃப் எக்ஸ்பிரஸ் டைப் பி. இரண்டிலும் பதிவு செய்துதான் கல்யாணம் எடுப்பீர்கள் என்றால் புதுக் கார்டு, புது ரீடர் இரண்டும் சேர்த்து வாங்கியாக வேண்டும். அந்தச் செலவு, நீங்கள் மூன்று மாதம் காத்திருந்து பிடித்த கேஷ்பேக்கில் ஒரு பங்கை விழுங்கிவிடும். லென்ஸ் பொருந்தும் வளையமான மவுண்டே மாறுகிறதென்றால் பாடி விலையைப் பேசுவதே வீண்.

பண்டிகைச் சமயத்தில் கிட் (பாடியும் லென்ஸும் சேர்ந்தது) மீதுதான் சலுகை அதிகம் என்று தெரிந்தால், கிட்டாகவே எடுத்து லென்ஸைப் பிரித்து விற்றால் என்ன வரும் என்று பாருங்கள். ஆனால் பிரித்த கிட் லென்ஸ்கள் சந்தையில் ஏராளம். கடை போட்டிருக்கும் வித்தியாசத் தொகை அப்படியே கிடைக்காது.

எல்லாக் கேமராவும் இறங்கும் என்று நினைப்பது

ஃபியூஜி எக்ஸ்100வி 2020இல் 1,399 டாலருக்கு வந்தது. இரண்டு வருடம் கழித்துப் பழையதே அதைவிடக் கூடுதல் விலைக்குப் போனது. பொறுத்தவர் தோற்ற கேமரா அது.

பில் இல்லாத ‘கிரே’ பீஸ்

நிறுவனத்தின் வழியில் வராமல் வெளிநாட்டிலிருந்து நேரே வந்த பீஸ் இது. இந்திய வாரண்டி இல்லை, இன்புட் கிரெடிட் இல்லை, கேஷ்பேக் இல்லை. மூன்றையும் கழித்துப் பார்த்தால் அது மலிவும் இல்லை.

கேஷ்பேக்கைக் காகிதத்தில் கோட்டை விடுவது

இவ்வளவும் கணக்குப் பார்த்து, சரியான வாரத்தில் வாங்கி, கடைசியில் பணம் வராமல் போவதுண்டு. உடனே கழிக்காமல் பிறகு தரும் கேஷ்பேக்குக்கு, அறிவிப்பில் சொன்ன நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பில் நகலும் சீரியல் எண்ணும் கேட்பார்கள். பில்லில் தேதி சலுகைக் காலத்துக்குள் இருக்க வேண்டும். முன்பணம் கொடுத்த தேதி கணக்கில் வராது. கவுண்டரிலேயே பெட்டி ஓரத்தில் உள்ள எண், பாடியின் அடியில் உள்ள எண், பில்லில் அடித்த எண் மூன்றையும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் உங்கள் பதிவு எண்ணும் அதே பில்லில் இருக்க வேண்டும். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் அங்கேயே திருத்தி வாங்கிய பிறகு பெட்டியை எடுங்கள்.