டர்பனில் தமிழ் ரிக்கார்டு தேடுவது எப்படி

ரிக்கார்டு சேர்க்க ஆசை வந்தால் முதல் வேலையாகக் கடைக்கு ஓடாதீர்கள். உங்கள் சொந்தத்தில் எழுபது வயது தாண்டியவர் யார் இருக்கிறார் என்று பார்த்து, அவர் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று நம் ஆட்கள் இருக்கிற ஊர்களில் அலமாரி உச்சியிலோ, கராஜில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னாலோ ஒரு கட்டு ரிக்கார்டு இன்னும் கிடக்கிறது. தென்னாப்பிரிக்காவுக்கு டிவி வந்ததே 1976இல்தான், நமக்கென்று ரேடியோ லோட்டஸ் வந்தது 1983இல். அதுவரைக்கும் தமிழ்ப் பாட்டு கேட்க வேண்டும் என்றால் சினிமா கொட்டகை, ரேடியோவில் கிடைத்த கொஞ்ச நேரம், இல்லாவிட்டால் ரிக்கார்டு. அதனால் கையில் கொஞ்சம் காசு இருந்த குடும்பம் வாங்கியது, இல்லாத குடும்பம் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக் கேட்டது.

போன உடனே “விற்பீங்களா” என்று கேட்டுவிடாதீர்கள், அந்தக் கேள்விக்குப் பதில் எப்போதும் “அதெல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டாச்சு” என்றுதான் வரும். “ஆயா, உங்க கல்யாணத்துல என்ன பாட்டு போட்டாங்க?” என்று கேளுங்கள். டீ வரும், பேச்சு வரும், அப்புறம் பேரனைக் கூப்பிட்டு மேலே ஏறி அந்தப் பெட்டியை இறக்கச் சொல்வார்கள். அந்தப் பேச்சை அவசரப்படுத்த வேண்டாம், முடிந்தால் அனுமதி கேட்டு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்தக் கடையில் வாங்கியது, யார் கொண்டுவந்தது என்பதெல்லாம் உறையில் அச்சாகி இருக்காது. 1946இலேயே இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை முறித்துக்கொண்டது. அப்படியும் கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான ரிக்கார்டுகள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கின்றன என்றால், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு வழி இருந்திருக்கிறது. பம்பாய்க்கும் டர்பனுக்கும் ஓடிய கரஞ்சா, கம்பாலா கப்பல்களில் ஊருக்குப் போய் வந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால்தான் தெரியும்.

பெட்டி இறங்கியதும் பெரும்பாலும் மூன்று வகை கண்ணில் படும். கனமாக, பத்து அங்குல அகலத்தில், கீழே விழுந்தால் பீங்கான் போலச் சிதறுகிறவை 78 ஆர்பிஎம் தட்டுகள், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிறவை. அரக்கில் செய்தவை, ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். பழைய பாகவதர் காலத்துப் பெரிய பாட்டு என்றால் பாதி இந்தப் பக்கம், மீதி அந்தப் பக்கம். மேற்கே லாங் பிளே 1948இலும் 45 ஆர்பிஎம் 1949இலும் வந்துவிட்டாலும், இந்தியாவில் 60கள் வரைக்கும் 78 அச்சாகிக்கொண்டே இருந்தது. அதனால் நம் வீட்டுப் பெட்டிகளில் அரக்குத் தட்டு நிறையவே இருக்கும். அடுத்தது ஏழு அங்குல ஈபி, பக்கத்துக்கு இரண்டு என்று நான்கு சினிமாப் பாட்டு. படத்தின் ஸ்டில் போட்ட அந்தச் சின்ன அட்டைகள் அத்தனை அழகு, அதற்காகவே சேர்க்கிறவர்கள் உண்டு. மூன்றாவது எல்பி, அதாவது லாங் பிளே. பக்திப் பாட்டு, கச்சேரி, படத்தின் கதை வசனம் எல்லாம் இதில் வரும். 1963இல் எச்எம்வி வெளியிட்ட எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் நீங்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கப் போகிற எல்பி. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் வாங்கிவிட்டு மற்றவற்றை விட்டுவிடலாம். 80களின் எக்கோ கம்பெனி இளையராஜா எல்பிக்கு இப்போது தமிழ்நாட்டிலேயே போட்டி, விலையும் ஏறிவிட்டது.

இந்த மூன்றிலும் சேராமல் இன்னொன்று உண்டு. 60களிலும் 70களிலும் இங்கேயே இருந்த நம் ஆர்க்கெஸ்ட்ராக்களும் பாடகர்களும் பதிவு செய்தவை. கொஞ்சமாக அச்சடித்தது, மறுபடி அச்சாகாதது. அதில் பாடியவரின் பேத்தி உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அப்படி ஒன்று கையில் பட்டால் கீறல் இருக்கிறதா, அட்டை கிழிந்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்காதீர்கள், கேட்கிற விலையைக் கொடுத்து எடுத்துவிடுங்கள். எம்ஜிஆர் படப் பாட்டு உலகத்தில் எங்காவது இன்னொன்று கிடைக்கும், இது கிடைக்காது.

மற்றதற்கெல்லாம் நன்றாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தட்டின் ஓரத்தையும் நடு லேபிளையும் மட்டும் பிடித்து வெளியே எடுங்கள், பாட்டு பதிந்திருக்கும் வரியில் விரல் படக்கூடாது. ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் வரியின் மேல் ஓடுகிற மாதிரி மெல்லத் திருப்புங்கள். முடி போல மெல்லிசான கோடுகள் பல நேரம் காதுக்கே தெரியாது. குறுக்கே ஓடும் கீறலில் நகம் மாட்டுகிறது என்றால் அந்த இடத்தில் டக் டக் என்று அடிக்கும், இல்லையென்றால் முள் தாவும். கீறலே இல்லாமல் கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் அதுதான் மோசம். கனமான முள்ளை வைத்து வருஷக்கணக்கில் ஓட்டி வரியே தேய்ந்துபோனது அது, என்ன கழுவினாலும் திரும்பி வராது, பாடகர் ‘ச’ சொல்கிற இடமெல்லாம் கரகரக்கும். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் சன்னமான தடங்கள் நிறைய இருக்கிறதா என்றும் பாருங்கள், பிளேயரின் நடுக் கம்பியைத் தேடித் தடவித் தடவிப் போட்ட தடம் அது. எத்தனை முறை ஓடியிருக்கும் என்பதை அதுவே சொல்லிவிடும். அப்புறம் கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 78 தட்டு என்றால் ஓரத்தில் இழை விரிசல் இருக்கிறதா என்பதுதான் முதல் கவலை. விரல் கணுவால் லேசாகத் தட்டினால் நல்ல தட்டு கணீரென்று கேட்கும், விரிசல் விட்டது மந்தமாகக் கேட்கும்.

வெளிநாட்டு விலைப் பட்டியல்களில் லேபிளில் பேனா எழுத்து இருந்தால் தரத்தைக் குறைத்துவிடுவார்கள். நம் ரிக்கார்டுகளில் எழுத்து இல்லாததுதான் அபூர்வம். கல்யாணத்துக்கு, கோவில் விசேஷத்துக்கு, சாவு வீட்டுப் பதினாறாம் நாளுக்கு என்று தட்டுகள் வீடு வீடாகப் போய் வந்தன, கலந்து போகாமல் இருக்க அடையாளம் போட்டார்கள். என்னிடம் உள்ள ஒரு ஈபியில் லேபிளின் ஓரத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு ஒன்று, பக்கத்தில் நீல மையில் இரண்டு இனிஷியல், அட்டையின் பின்னால் இன்னொரு கையெழுத்தில் “திருப்பித் தரவும்” என்று இருக்கிறது. பொட்டு வைத்தது ஒரு வீடு, கேட்டு எழுதியது இன்னொரு வீடு. அந்தத் தட்டை யாராவது புத்தம் புதியதோடு மாற்றிக்கொள்ளச் சொன்னால் மாற்ற மாட்டேன். ஆகவே பழைய ஸ்டிக்கரைச் சுரண்டாதீர்கள், பெயரை அழிக்காதீர்கள். வியாபாரி அதைச் சொல்லி விலையைக் குறைத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடுகளுக்கு அடுத்தபடி தர்மத்துக்காகப் பழைய சாமான் விற்கும் ஹாஸ்பிஸ் கடைகள், சர்ச் சந்தை, சனி ஞாயிறு பிளீ மார்க்கெட், இறந்தவர் வீட்டுச் சாமான் ஏலம். இங்கே தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் விற்பதால் நம் ரிக்கார்டு எல்லாம் ஒரே பெட்டியில் குப்பையாகக் கிடக்கும், சில சமயம் அட்டை ஒன்று உள்ளே தட்டு வேறு. அதனால் ஒவ்வொன்றையும் உருவிப் பார்த்தே தீர வேண்டும். கிரே ஸ்ட்ரீட் பக்கம், இப்போது டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட், போனால் பழைய கடைக்காரர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். கடையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் யார் வீட்டில் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

தமிழோடு நின்றுவிடவும் வேண்டாம். அதே பெட்டியில் இந்த மண்ணின் ஜாஸும் இருக்கும். ஜோஹன்னஸ்பர்கில் கோஹினூர் என்ற ரிக்கார்டு கடை வைத்திருந்த ரஷீத் வாலி, ஆஸ்‑ஷம்ஸ் என்ற லேபிளை நடத்தி, 1974இல் டாலர் பிராண்டின், அதாவது அப்துல்லா இப்ராஹிமின், மானன்பெர்க் ரிக்கார்டை வெளியிட்டார். அதன் முதல் அச்சு கண்ணில் பட்டால் விடாதீர்கள். ரேடியோ நிலைய நூலக முத்திரை போட்ட எல்பி ஒன்றில் குறிப்பிட்ட ஒரு பாட்டின் மேல் மட்டும் வேண்டுமென்றே கிழித்த மாதிரிக் கோடு இருந்தால் அதையும் தூக்கிப் போட வேண்டாம். நிறவெறி ஆட்சியில் ஒலிபரப்பக்கூடாத பாட்டை அரசு ரேடியோவில் அப்படித்தான் கூரான கருவியால் கீறி வைத்தார்கள். அந்தக் கீறலும் வரலாறுதான்.

சரி, வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. டர்பன் ஈரத்தில் கிடந்த தட்டில் வெள்ளைப் பூஞ்சை இருக்கும், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வெளியில் வைத்துத் துடையுங்கள். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மெத்தென்ற பிரஷ், வரி போகும் திசையிலேயே சுற்றித் தேய்த்து, மறுபடி வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி நிறுத்திக் காயவைக்க வேண்டும். லேபிள் நனையக்கூடாது. குழாய்த் தண்ணீரில் கடைசி அலசல் வேண்டாம், உப்பு வரியில் படிந்துவிடும். 78 தட்டில் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டோ வேறு எந்த ஆல்கஹாலோ படவே கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், பாட்டு துணியோடு வந்துவிடும்.

ஓட்டுவதற்கு சூட்கேஸ் மாதிரி வரும் மலிவு பிளேயர் வேண்டாம். அதன் முள் அழுத்தம் அதிகம், அரும்பாடுபட்டுத் தேடின தட்டைத் தேய்த்துவிடும். முள் அழுத்தத்தைச் சரிசெய்யும் வசதி உள்ளதாக, முள் பொருத்தியிருக்கும் சாதாரண கார்ட்ரிட்ஜுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு கிராம் வைக்க முடிகிறதாகப் பார்த்து வாங்குங்கள். 78ம் ஓட்ட வேண்டும் என்றால் எல்லா டர்ன்டேபிளும் உதவாது. பழைய லென்கோ எல்75, இப்போதைய ஆடியோ‑டெக்னிகா எல்பி120 இரண்டிலும் அந்த வேகம் உண்டு. ஆனால் வேகம் மட்டும் போதாது, 78 வரி அகலமானது, அதற்குச் சுமார் 75 மைக்ரான் முனை உள்ள தனி முள் வேண்டும். எல்பி முள் அதற்குள் அடித்தளத்தில் உரசிக்கொண்டு இரைச்சலைத்தான் எடுக்கும். அமெரிக்காவிலிருந்து யாராவது பிளேயர் கொண்டுவந்து கொடுத்தால் அது நம் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸுக்கு ஓடுமா என்று முதலில் கேளுங்கள். சில பழைய மோட்டார்கள் டிரான்ஸ்பார்மர் போட்டாலும் வேகம் குறைந்து பாட்டை இழுக்கும். கையால் சாவி கொடுக்கும் கிராமபோன் வீட்டில் இருந்தால் லோட்ஷெடிங் என்கிற மின்வெட்டு இரவுகளில் அதைவிடச் சுகம் எதுவும் இல்லை, பக்கத்துக்கு ஒரு புது இரும்பு முள் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எல்பியையோ ஈபியையோ அதில் வைத்துவிடாதீர்கள், ஒரே ஓட்டத்தில் போய்விடும்.

வைக்கிற இடம் ரொம்ப முக்கியம். நட்டமாக நிறுத்தி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். மழை வாங்கும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி கூடாது. பழைய காகித உள்ளுறையில் இராமபாணப் பூச்சி குடியிருக்கும், அதை மட்டும் எடுத்துவிட்டுப் புது பாலிதீன் உறை போடலாம், எழுத்து இருந்தால் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். பிவிசி உறை வேண்டாம், நாளானால் தட்டோடு ஒட்டிக் கறை விடும். சந்தையில் வாங்கியதைக் காரில் வைத்துவிட்டு அப்படியே பீச்சுக்குப் போகாதீர்கள், டிசம்பர் வெயிலில் அரை நாளில் அப்பளமாக வளைந்துவிடும். இந்தியாவிலிருந்து தபாலில் வரவழைப்பதாக இருந்தால் தட்டை அட்டையிலிருந்து வெளியே எடுத்துத் தனியாக வைத்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வழியில் ஆடி அட்டையின் முதுகைக் கிழித்துவிடும். 15 சதவீத வாட் வேறு இருக்கிறது, அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கின ரிக்கார்டுகளைக் கழுவி முடித்ததும் ஒரு முறை கம்ப்யூட்டரில் பதிவு செய்யுங்கள், லேபிள் இரண்டு பக்கமும், அட்டை முன்னும் பின்னும் படம் எடுங்கள். அந்தப் பதிவை ஒரு பென் டிரைவில் போட்டு, பெட்டியைக் கொடுத்த ஆயா வீட்டுக்கே எடுத்துப் போய்க் கொடுங்கள். போகும்போது அவருடைய தங்கை வீட்டிலும் ரிக்கார்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.