புகைக்கு நடுவே சென்சார் எவ்வளவு பார்க்கும்? சிமுலேஷன் செய்யும் முறை

முதலில் தேவைப்படுவது ஒரே ஓர் எண்: சென்சாரிலிருந்து இலக்கு வரையிலான பார்வைக்கோட்டில் எவ்வளவு புகை கிடக்கிறது? கோடு நெடுகச் செறிவைக் கூட்டினால் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று வரும். இதைத் தடநிறை என்று வைத்துக்கொள்வோம். தப்பி வரும் ஒளியின் பங்கு = 2.718^(−மறைப்புக் குணகம் × தடநிறை). இது பியர்-லாம்பெர்ட் விதிதான்; மறைப்புக் குணகம் என்பது ஒரு கிராம் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதன் அளவு.

குணகம் அலைநீளத்துக்கேற்ப மாறும். வெண்பாஸ்பரஸை எரித்து உண்டாக்கும் மறைப்புப் புகைக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய 4 ச.மீ/கிராம், வெப்பக் கேமரா பார்க்கும் 8–12 மைக்ரோமீட்டரில் சுமார் 0.4. தடநிறை 1 என்றால் பகல் கேமராவுக்கு 2 சதவீதம்கூட மிஞ்சாது. வெப்பக் கேமராவுக்கு 67 சதவீதம் வந்துசேரும். நிறையைக் கிலோவில் போட்டு விட்டு ஆயிரம் மடங்கு பிழையைத் தேடி அலைவது இங்கே சகஜம். அலகை முதலிலேயே பாருங்கள்.

செறிவைக் கணக்கிடக் காசியன் பொதிகள் (நடுவில் செறிந்து, ஓரத்தை நோக்கி மணிவடிவில் குறையும் புகை உருண்டைகள்) போதும். புகையைப் பொதி பொதியாக விட்டு, காற்றோடு நகர்த்தி, பாஸ்குவில் நிலைத்தன்மை வகுப்புக்கேற்ப (காற்று எவ்வளவு கலங்குகிறது என்பதன் வகைப்பாடு) விரியவிடுங்கள். பொதிகளுக்கிடையே உள்ள தூரம் தொடக்கத் திட்டவிலக்கத்தை (விடும்போது பொதியின் பரவல் அளவை) தாண்டக் கூடாது: காற்று நொடிக்கு 3 மீட்டர், விலக்கம் 2 மீட்டர் என்றால் அரை நொடிக்கு ஒரு பொதி. தரையில் பட்டுத் திரும்பும் புகைக்காகத் தரைக்குக் கீழே பிம்ப மூலம் (கண்ணாடிப் பிம்பம் போன்ற கற்பனை மூலம்) வைக்க மறந்தால் தரைமட்டச் செறிவு பாதியாகிவிடும். பாஸ்பரஸ் புகை ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், அதனால் சார்பு ஈரப்பதத்தைச் சேருங்கள். எரியும் சூட்டில் அது மேலெழவும் செய்யும். மிதப்பை விட்டுவிட்டால், உண்மையில் தலைக்கு மேல் போகிற புகை மாடலில் இலக்கை மறைத்தபடி நிற்கும்.

இனிதான் பலரும் சறுக்கும் இடம். சராசரித் தடநிறையை எடுத்துச் சூத்திரத்தில் போடாதீர்கள். பாதி நேரம் தடநிறை 0, பாதி நேரம் 2 என்று வையுங்கள். சராசரி 1, சூத்திரம் 2 சதவீதத்துக்கும் குறைவாகக் காட்டும். உண்மையில் பாதி நேரம் இலக்கு பளிச்சென்று தெரிகிறது! புகை திரைச்சீலை அல்ல, கிழிசல்கள் நிறைந்தது. ஆகவே காற்றின் ஏற்ற இறக்கத்தைச் சேர்த்து, வெவ்வேறு தொடக்க விதைகளோடு (சீரற்ற எண்களைத் தொடங்கிவைக்கும் எண்கள்) நூறு முறையாவது ஓட்டுங்கள். கிழிசல் எத்தனை நொடி நீடிக்கிறது என்பதையும் பதிவுசெய்யுங்கள்; இலக்கைக் கண்டுபிடிக்கச் சென்சாருக்குத் தேவையான நேரத்தைவிட அது குறுகினால் பயனில்லை.

பிறகு சென்சார்வாரியாகப் பிரியுங்கள். பகல் கேமராவில் ஒளி குறைவதோடு, புகையே வெயிலைச் சிதறடித்து வெண்மையைச் சேர்க்கும். எனவே இலக்கின் ஒளிமாறுபாட்டை (பின்னணியிலிருந்து அது எவ்வளவு வேறுபட்டுத் தெரிகிறது என்பதை) 1 + புகை-பின்னணி ஒளிர்வு விகிதம் × (1/தப்பும் பங்கு − 1) என்பதால் வகுக்க வேண்டும். மாறுபாடு 0.5, விகிதம் 3, தப்பும் பங்கு 0.2 என்றால் மிஞ்சுவது 0.04க்கும் கீழே, வெறுமனே பெருக்கியிருந்தால் 0.1 என்று ஏமாந்திருப்போம். லேசர் தூரமானியில் ஒளி போய்த் திரும்புவதால் பங்கை வர்க்கப்படுத்துங்கள் (பங்கு × பங்கு). புகையிலிருந்தே எதிரொளி வந்து பொய்த் தூரம் காட்டுவதையும் சேருங்கள்.

முடிவை நம்புமுன் குணகத்தைப் பூஜ்யமாக்கி ஓட்டுங்கள்: தப்பும் பங்கு 1 வர வேண்டும். அடுத்து, புகை தரையில் படிவது எதையும் சேர்க்காத நிலையில், எல்லாப் பொதிகளின் நிறையும் விட்ட நிறைக்குச் சமமா என்று பாருங்கள்.