‘அப்பொழுது’ என்ற சொல்லை விட்டுவிட்டால்: உயிர்த்தெழுதலை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“மரணமே, உன் கூர் எங்கே? பாதாளமே, உன் ஜெயம் எங்கே?” கிறிஸ்தவ அடக்க ஆராதனைகளில் அடிக்கடி ஒலிக்கும் வரி இது. கல்லறைக் கல்லிலும் நினைவு அட்டையிலும் தனியாக வெட்டி எடுத்துப் பொறிக்கப்படுவதும் இதுதான். அப்படி வெட்டி எடுப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில், 15ஆம் அதிகாரத்தின் 55ஆம் வசனம் அது. முந்தைய வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். அழிவுள்ள இந்த உடல் அழியாமையை அணிந்துகொள்ளும்போது, அப்பொழுதுதான் “மரணம் ஜெயமாக விழுங்கப்பட்டது” என்ற வார்த்தை நிறைவேறும் என்கிறார் பவுல். ஆகவே சவப்பெட்டியின் முன் நின்று அடிக்கும் சவடாலாக அவர் இதை எழுதவில்லை. ஒருநாள் பாடவிருக்கும் வெற்றிப் பாட்டை இப்போதே பாடிப் பழகுகிறார். அதே அதிகாரத்தின் 26ஆம் வசனத்தில் மரணத்துக்கு அவர் தரும் பெயர் “கடைசிச் சத்துரு”. அந்தச் சத்துரு இன்னும் களத்தை விட்டுப் போகவில்லை.

உயிர்த்தெழுதல் என்ற இந்த நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் செய்யும் தவறுகள் பலவும் இங்கேதான் வேர்விடுகின்றன. ஆறுதல் சொல்லும் அவசரத்தில் மரணத்தையே சிறியதாக்கிவிடுகிறார்கள். எதிரி சிறியவன் என்றால் வெற்றியும் சிறியதாகிவிடும் என்பது நினைவில் இருப்பதில்லை.

“சாவு ஒன்றுமே இல்லை, நான் பக்கத்து அறைக்குத்தான் போயிருக்கிறேன்” என்ற பொருளில் ஒரு புகழ்பெற்ற பகுதி அடக்க நிகழ்ச்சிகளில் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. கவிதை என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது 1910ஆம் ஆண்டு மே மாதம், ஏழாம் எட்வர்ட் மன்னர் இறந்த சில நாட்களில், ஹென்றி ஸ்காட் ஹாலண்ட் என்ற குரு லண்டன் புனித பவுல் பேராலயத்தில் ஆற்றிய மறையுரையின் ஒரு துண்டு. மரணம் எல்லாவற்றையும் சிதைக்கும் பேரழிவாகத் தெரியும் மனநிலையையும், ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும் இன்னொரு மனநிலையையும் அவர் அந்த உரையில் எதிரெதிரே வைத்துப் பேசினார். பேரழிவைப் பற்றிய பகுதி மறக்கப்பட்டது, இனிப்பான பகுதி மட்டும் ஊர் சுற்றுகிறது. நல்ல மறையுரையைப் பாதியில் நறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியாது.

நானும் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். இளவயதில் ஓர் இறப்பு வீட்டில், மகனைப் பறிகொடுத்த தாயிடம், “அழாதீர்கள் அம்மா, ஆண்டவரிடம்தானே போயிருக்கிறான்” என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வைக்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை. இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்கு வந்த இயேசு அப்படி எதுவும் சொல்லவில்லை. இன்னும் சிறிது நேரத்தில் அவனை எழுப்பப்போவது அவருக்குத் தெரியும், ஆனாலும் கண்ணீர் விட்டார். யோவான் 11ஆம் அதிகாரத்தில் “ஆவியிலே கலங்கி” என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள வினைச்சொல், சினத்தில் சீறுவதைக் குறிக்கக்கூடியது. மரணத்தின் முன் அவர் அழுததோடு கோபமும் கொண்டார் என்று உரையாசிரியர்கள் பலர் அதை விளக்குகிறார்கள். தெசலோனிக்கே சபையாருக்குப் பவுல் எழுதியதும் ‘துக்கப்படாதீர்கள்’ என்றல்ல. நம்பிக்கையற்றவர்கள் துக்கிப்பதுபோலத் துக்கிக்காதீர்கள் என்றுதான் எழுதினார்.

அடுத்த தவறு இன்னும் ஆழமானது, தமிழில் சிந்திக்கிறவர்களுக்கு எளிதில் பிடிபடாததும்கூட. ‘உடல் வெறும் கூடு, உயிர் பறந்துபோனது’ என்று சொல்லிவிட்டு அதையே கிறிஸ்தவ நம்பிக்கை என்று நினைத்துக்கொள்வது. அந்தப் படம் நமக்குக் குறளிலிருந்தே பழக்கம். நிலையாமை அதிகாரத்தில், குடம்பை (கூடு) தனித்துக் கிடக்கப் பறவை பறந்துபோவதைப்போன்றது உடம்போடு உயிருக்குள்ள நட்பு என்கிறார் வள்ளுவர். அழகான உவமை, ஆனால் விவிலியம் சொல்லும் செய்தி வேறு. அங்கே உயிர் தப்பிப் போவதில் வெற்றி இல்லை, கூட்டையும் சேர்த்து மீட்பதில்தான் இருக்கிறது. அதனால்தான் சபைகள் ஆராதனையில் அறிக்கையிடும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் ‘ஆத்துமா அழியாது’ என்று முடியாமல், “சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும்” என்று முடிகிறது.

ஆஸ்கர் குல்மன் என்ற இறையியலாளர் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய ஓர் உரையில் இரண்டு மரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கிரேக்கத் தத்துவஞானி சாக்ரடீஸ் சிறையில் நண்பர்களோடு உரையாடியபடி அமைதியாக நஞ்சு அருந்துகிறார், ஏனென்றால் அவருக்கு மரணம் ஆன்மாவின் விடுதலை. கைதாகும் இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவோ வியாகுலப்பட்டு, கூட விழித்திருக்கும்படி சீடர்களைக் கெஞ்சுகிறார். மரணத்தை நண்பனாகப் பார்த்தவருக்கு உயிர்த்தெழுதல் தேவைப்படவில்லை.

முன்பு சொன்ன பறவைக் குறளுக்கு அடுத்த குறள் மரணத்தை உறக்கம் என்கிறது, விழிப்பது பிறப்பு என்கிறது. புதிய ஏற்பாடும் இறந்தவர்களை ‘நித்திரையடைந்தவர்கள்’ என்றே அழைக்கிறது. உவமை ஒன்று, விழிப்பு வேறு. குறளில் விழிப்பது மறுபடியும் ஒரு பிறவிக்கு. பவுலிடம் விழிப்பது அதே ஆள், ஒரே முறை, திரும்பவும் சாகாத வாழ்வுக்கு. ஆகவே ‘மறுபிறப்பு’ என்ற சொல்லை உயிர்த்தெழுதலுக்குப் பயன்படுத்தாதீர்கள். கிறிஸ்தவ வழக்கில் அது ஞானஸ்நானத்தையும் மனமாற்றத்தையும் குறிக்கும், வெளியில் மறுபிறவியைக் குறிக்கும். இரண்டும் இங்கே பொருந்தாது.

லாசரு எழுந்ததையும் இயேசு உயிர்த்ததையும் ஒன்றாகச் சொல்லுவதும் இதே குழப்பம்தான். நான்கு நாள் கல்லறையில் கிடந்த லாசரு பழைய வாழ்வுக்குத் திரும்பினான், பின்னொரு நாள் மறுபடியும் இறக்க வேண்டியவன்தான். யோவான் இதை ஒரு துணியைக் கொண்டே காட்டிவிடுகிறார். லாசரு பிரேதச் சீலைகள் சுற்றியபடி வெளியே வருகிறான், மற்றவர்கள் கட்டவிழ்க்க வேண்டியிருக்கிறது. இயேசுவின் கல்லறையிலோ சீலைகள் கிடக்கின்றன, தலையில் சுற்றிய துணி தனியே சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இனி அவை தேவையில்லை.

பட்டாம்பூச்சி உவமையைப் பற்றி ஒரு வார்த்தை. ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பது சரிதான். ஆனால் புழு சாவதில்லையே, அது இயல்பாகவே உருமாறுகிறது. பவுல் எடுத்தது மண்ணில் புதையும் விதை, அதிலும் “தேவன் அதற்கு மேனியைக் கொடுக்கிறார்” என்று சேர்த்துக்கொண்டார். தானாக முளைப்பது உயிர்த்தெழுதல் அல்ல.

உடலை எரித்தால் உயிர்த்தெழ முடியாது என்ற அச்சத்தை நீண்ட நேரம் விவாதிக்க வேண்டியதில்லை. கடலில் மூழ்கியவரையும் தீயில் மாண்டவரையும் எழுப்ப முடிகிற கடவுளுக்குச் சாம்பல் தடையாகாது. கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் எரியூட்டலை அனுமதித்தது. 2016இல் வந்த வழிகாட்டுதல் சாம்பலைத் தூவாமல் புனிதமான இடத்தில் வைக்கச் சொன்னது. கீழைச் (ஆர்த்தடாக்ஸ்) சபைகள் பொதுவாக இன்றும் அடக்கத்தையே வலியுறுத்துகின்றன.

மேலே சொன்ன தவறுகள் பேச்சில் நிற்பவை. இன்னொன்று ஆளையே காயப்படுத்தும். நோயாளி இறந்தபின், “விசுவாசம் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்” என்று சொல்வது. மரணத்தின் மீதான வெற்றி விசுவாசிக்கு மரணம் வராது என்ற வாக்குறுதி அல்ல. உயிர்த்த இயேசுவைக் கண்ணால் கண்டவர்களும் இறந்தார்கள். உயிர்த்தவரின் உடலிலேயே காயங்கள் மறையவில்லை. நம்ப மறுத்த சீடன் தோமாவிடம் அவர் காட்டியது அவற்றைத்தான். கீழைச் சபைகள் உயிர்ப்புப் பெருவிழாவில் பாடும் பாஸ்காப் பாடல், கிறிஸ்து மரணத்தால் மரணத்தை மிதித்தார் என்கிறது. சுற்றிக்கொண்டு போகவில்லை, உள்ளே நுழைந்தே மிதித்தார்.

இஸ்தான்புல்லில், இப்போது மசூதியாக இருக்கும் கோரா என்னும் பழைய தேவாலயத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்ட சுவரோவியம் ஒன்று அந்தப் பாடலைக் காட்டுகிறது. பாதாளத்தின் கதவுகள் உடைந்து கிடக்க, பூட்டுகளும் தாழ்களும் சிதறிக்கிடக்க, கிறிஸ்து ஒரு பக்கம் ஆதாமையும் மறுபக்கம் ஏவாளையும் கல்லறைகளிலிருந்து இழுத்தெடுக்கிறார். விசுவாசத்தின் அளவைக் கணக்குப் பார்க்கிறவர்கள் அந்தக் கைகளைச் சற்று உற்றுப் பார்க்கலாம். ஆதாமும் ஏவாளும் அவரைப் பிடித்திருக்கவில்லை. அவர்தான் அவர்களுடைய மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார்.