பகுதி பகுதியாகக் கேம் வெளியிடப் போகிறவர்களுக்கு

மாங்குளத்தில் பகலில் போன் திருத்தும் கடை, இரவில் கேம் செய்வது. இதுதான் என் பிழைப்பு. என் கேமின் கதை நடப்பது ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வயற்கரையில். காலபோக வயலுக்கு இரவுக்காவல் இருக்கும் ஒரு பெடியன், ஒரு டோர்ச், யானை விரட்டக் கொஞ்சம் வெடி, ஒரு கொட்டில். விதைப்பு, குடலை, கதிர், வெட்டு என்று நாலு பகுதி. கடைக்கு வரும் பெடியள் சிலரும் கேம் செய்கிறார்கள். “அண்ணை, நானும் துண்டு துண்டாய் விடட்டோ?” என்று கேட்பார்கள். விடலாம், ஆனால் சில வேலைகளை முதலே முடித்து வைத்திருக்க வேண்டும்.

முதல் பகுதி வெளியே போகும் நாளில் இரண்டாம் பகுதி பாதியாவது ஓட வேண்டும். வால்வ் போன்ற பெரிய நிறுவனமே ஹாஃப்-லைஃப் 2 கேமின் முதல் எபிசோட்டை 2006-இலும் இரண்டாவதை 2007-இலும் வெளியிட்டது. மூன்றாவது வரவேயில்லை. கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்காருகிற எங்களை நம்பி யார் காத்திருப்பார்கள்? ஆனால் மூன்று பேர் செய்த கென்டக்கி ரூட் ஸீரோ என்ற கேமின் ஐந்து அங்கங்களும் வந்து முடிய 2013 முதல் 2020 வரை எடுத்தது. அதற்கு ஆட்கள் காத்திருந்தார்கள். ஒவ்வொரு அங்கமும் தன்னளவில் நிறைவாக இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கேள்விக்காவது பதில் கிடைக்க வேண்டும். என் முதல் பகுதியில் கேள்வி ஒன்றுதான்: இன்றிரவு யானை வயலுக்குள் இறங்குமா? விடியும்போது அது தெரிந்துவிடும். யானை வேலியை வெட்டியது யார் என்பது மட்டும் அடுத்த பகுதிக்குப் போகிறது. ஆளைக் கிணற்று விளிம்பில் தொங்கவிட்டு ‘தொடரும்’ போடுவது எனக்குப் பிடிக்காது. அடுத்த பகுதி எப்போது என்று உங்களுக்கே தெரியாதபோது அது ஏமாற்று வேலை.

சரி, இப்போது சேவ் ஃபைல், அதாவது ஆடுபவர் எதுவரை வந்தார், என்ன செய்தார் என்று கேம் சேமித்து வைக்கும் ஃபைல். பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். முதல் பகுதியில் ஆடுபவர் செய்ததில் எது அடுத்த பகுதிக்குப் போகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். என் தாளில் மூன்றே உண்டு: வெடி கொளுத்தினானா, நாயைக் கூட்டிப் போனானா, வேலி வெட்டினவனின் முகத்தைக் கண்டானா. எல்லாம் ஆம், இல்லை. முப்பது விஷயங்களைக் கொண்டுபோனால் நாலாம் பகுதியில் அத்தனைக்கும் வசனம் எழுத வேண்டிவரும். முதல் பகுதியை ஆடாமல் நேரே இரண்டுக்கு வருபவரிடம் இதே மூன்று கேள்விகளையும் தொடக்கத்தில் கேட்டுவிடுங்கள், அது போதும்.

எங்கள் பக்கம் பெரும்பாலும் ஆண்ட்ராய்ட் போனில்தான் ஆடுகிறார்கள். அங்கே ஒரு செயலி தனக்குள் வைத்திருக்கும் சேவ் ஃபைலை இன்னொரு செயலியால் வாசிக்க முடியாது. நாலு பகுதியையும் நாலு செயலியாக விட்டால் கதை அறுந்துபோகும். ஒரே செயலியாக வைத்து, புதிய பகுதியை அப்டேட்டாகக் கொடுங்கள். அதற்குப் பேக்கேஜ் பெயர் (போன் செயலியை அடையாளம் காணும் பெயர்) மாறக்கூடாது, கையொப்பச் சாவியும் (செயலி உங்களுடையதுதான் என்று காட்டும் ஃபைல்) மாறக்கூடாது. நீங்களே கையொப்பமிட்டு நேரே கொடுக்கும் செயலி என்றால், சாவி தொலைந்தால் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதைப் போடலாம், சேவும் அதோடு போய்விடும். சாவியை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். என்னுடையது அக்கா வீட்டு அலுமாரியில் காணி உறுதியோடு இருக்கிறது.

கணினியில் கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளைப் பாவிப்பவர்கள் ப்ராஜெக்டின் பெயரை இடையில் மாற்ற வேண்டாம். சேவ் இருக்கும் கோப்புறை அந்தப் பெயரில்தான் உருவாகிறது. செட்டிங்கில் தனிக் கோப்புறைப் பெயர் கொடுக்க வழி இருக்கிறது, முதல் நாளே கொடுத்துவிடுங்கள். கதைக் கேம் செய்யும் ரென்பை மென்பொருளில் மாறிகளை (கேம் நினைவில் வைக்கும் தகவல்களை) எல்லாம் டிஃபோல்ட் என்று அறிவித்தால், பிறகு புதிதாகச் சேர்த்த மாறியும் பழைய சேவில் இருக்கும். கணினியில் தனித்தனிக் கேமாகத்தான் விடுவேன் என்றால், அவற்றுக்கிடையே தகவல் பகிர மல்டிபெர்சிஸ்டென்ட் என்ற வசதியும் ரென்பையில் உண்டு.

அப்புறம் அளவு. டேட்டா முடிந்தவன் உங்கள் கேமுக்காக ரீலோட் போட மாட்டான். முதலில் ஒலியைக் குறையுங்கள். மாரியில் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் நின்று போனில் தவளைச் சத்தம் பதிந்தேன். சாதாரண ஸ்டீரியோ வேவ் ஃபைல் நிமிடத்துக்குப் பத்து எம்பி வரும். அதையே ஓக் ஃபைலாக மாற்றினால் ஒரு எம்பிக்குள் அடங்கும். தவளைக்கு ஸ்டீரியோவும் தேவையில்லை, மோனோ போதும்.

எங்கே போடுவது? இட்ச்.ஐஓ என்ற கேம் தளம் இலவசம். அதன் பட்லர் கருவி மாறிய துண்டை மட்டும் ஏற்றும் என்பதால் மெதுவான இணைப்பில் நல்ல உதவி. கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரு தடவை 25 டொலர். புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதனையில் இருக்க வேண்டும். டியூஷன் பெடியளை நேரத்தோடு பிடித்து வையுங்கள், பரீட்சை நெருங்கினால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள். காசு வாங்கும் எண்ணம் இருந்தாலும் முதல் பகுதியை இலவசமாகவே விடுங்கள். 1993-இல் டூம் என்ற கேம் அப்படித்தான் பரவியது.

நாள் பார்ப்பதும் முக்கியம். நெல் வெட்டு நடக்கும்போது ஒருவருக்கும் நேரம் இராது. வெட்டு முடிந்து கையில் காசு புழங்கும் பங்குனி நல்லது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வாரத்தை விட்டுவிடுங்கள், சனம் முழுக்க அங்கேதான் நிற்கும். முடிந்த ஃபைல் கையில் இல்லாமல் திகதி சொல்லவே வேண்டாம்.

இரண்டு பகுதிகளுக்கு இடையில் பிழை திருத்துங்கள், கதையை மாற்றாதீர்கள். யாராவது ஆடும்போது வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். அக்காவின் மகள் ஆடியபோது டோர்ச் பட்டனிலிருந்து பெருவிரலை எடுக்கவேயில்லை. யானை கிட்ட வந்தபோதும் வெடியைத் தொடவில்லை. இருட்டுக்குத்தான் பயம். இரண்டாம் பகுதியில் டோர்ச்சுக்குப் பற்றரி இறங்கும்படி வைத்தேன்.

இடையில் நிறுத்த நேர்ந்தால், மிச்சக் கதையை இரண்டு பக்கத்தில் எழுதி, கடைசி அப்டேட்டாக அந்தச் செயலிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். வேலியை வெட்டியது யாரென்று அதில் இருக்கட்டும்.