அப்பிள் கிரம்பிளும் பம்ப்கின் பையும்: தண்ணீரை மறப்பதால் வரும் பிழைகள்

செப்டெம்பர் கடைசியில் கனடாவின் ஒன்ராறியோவில் தோட்டத்துக்குப் போய் அப்பிள் பிடுங்கி வந்தால், அடுத்த நாளே வீட்டில் கிரம்பிள் மணக்கும், பழத்துண்டுகளின் மேல் உதிரி மா தூவி அவணில் சுடும் இனிப்பு அது. ஒக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை தாங்ஸ்கிவிங் என்ற நன்றி தெரிவிக்கும் நாள். அதற்குப் பம்ப்கின் பை, அடியில் மா விரித்து அதற்குள் பூசணிக் கூழ் ஊற்றிச் சுடுவது. இரண்டும் சுலபமான இனிப்புகள்தான். ஆனாலும் வருஷாவருஷம் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் ஒரே மாதிரி இருக்கும்: "கிரம்பிள் சூப் மாதிரி வந்திட்டுது", "பை நடுவில வெடிச்சிட்டுது". எங்கே பிழைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனால், பெரும்பாலும் தண்ணீரில்தான் போய் நிற்கும். அப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர், பூசணியில் 90க்கும் மேல். அந்தத் தண்ணீர் அவணுக்குள் எங்கே போகும் என்று முதலிலேயே யோசித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் பிழை, கையில் கிடைத்த அப்பிளைப் போடுவது. மக்கின்ரொஷ் ஒன்ராறியோவின் சொந்தப் பழம். 1811இல் டண்டெலா என்ற ஊரில் ஜோன் மக்கின்ரொஷ் கண்டெடுத்த கன்றுகளில் இருந்து வந்தது. கடித்துத் தின்ன அருமை. ஆனால் சூடு பட்டால் குழைந்து கூழாகிவிடும். அதை மட்டும் போட்டுக் கிரம்பிள் செய்தால் துண்டு ஒன்றும் மிஞ்சாது. ரெட் டிலிஷஸில் புளிப்பே இல்லை, வெந்தால் சப்பென்று இருக்கும். கிரானி ஸ்மித், நோர்தேர்ன் ஸ்பை, ஹனிகிரிஸ்ப் மூன்றும் வெந்த பிறகும் உருவம் விடாதவை. நான் பாதிக்குப் பாதி கிரானி ஸ்மித்தும் ஹனிகிரிஸ்ப்பும் போடுவேன், புளிப்பும் இனிப்பும் சரியாக நிற்கும்.

அப்புறம், வெட்டின கையோடு பாத்திரத்தில் கொட்டுவது. ஒரு கிலோ அப்பிளை அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, மூன்று மேசைக்கரண்டி சீனியும் கொஞ்சம் எலுமிச்சம் புளியும் பிரட்டி அரை மணித்தியாலம் வையுங்கள். சீனி சாற்றை வெளியே இழுத்துவிடும். கிண்ணத்தின் அடியில் தேங்கி நிற்கும் அந்தச் சாறுதான் உங்கள் கிரம்பிளைச் சூப்பாக்க இருந்தது. வடித்துச் சின்னச் சட்டியில் பாகுபோல வற்றும்வரை காய்ச்சித் திரும்ப ஊற்றினால் அப்பிளின் மணம் இரட்டிப்பாகும். நேரம் இல்லையா, ஒரு மேசைக்கரண்டி சோள மா தூவிப் பிரட்டுங்கள். ஆனால் சோள மா கொதி கண்டால்தான் இறுகும். மேலே பொன்னிறம் வந்துவிட்டதே என்று 25 நிமிடத்தில் வெளியே எடுத்தால் அடியில் தண்ணீராகத்தான் இருக்கும். 375 டிகிரி பாரன்ஹீட்டில் 40, 45 நிமிடம் ஆகும். ஓரத்தில் மட்டும் இல்லாமல் நடுவிலும் தடித்த குமிழ் மெதுவாக வெடிக்க வேண்டும். அதற்குள் மேலே கறுக்கத் தொடங்கினால் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள்.

மேலே போடும் மாவில் எங்கள் ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு: புட்டு தெரியும். இருநூறு கிராம் கோதுமை மாவுக்கு நூறு கிராம் பட்டர், நூறு கிராம் சீனி. பட்டர் பிரிட்ஜில் இருந்து அப்போதுதான் வெளியே வந்ததாக இருக்க வேண்டும். அதை விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்து, புட்டுக்குக் குழைக்கும் மா போல உதிரி உதிரியாகக் கொண்டுவர வேண்டும். உருகின பட்டரை ஊற்றினாலோ, உள்ளங்கையால் பிசைந்தாலோ அது ரொட்டிக்குக் குழைத்த மா மாதிரி ஆகிவிடும். பழத்தின் மேல் தூவிய பிறகு தட்டி அமுக்கவும் கூடாது. உதிரிக்கு இடையில் உள்ள இடைவெளியால்தான் ஆவி வெளியே போகும். அமுக்கினால் மேலே உள்ள மா அடிப்பக்கம் பச்சையாகப் பிசுபிசுக்கும்.

சரி, பூசணிக்கு வருவோம். ஹலோவீனுக்கு முகம் செதுக்கும் பெரிய பூசணியை வீணாக்க மனமில்லாமல் பம்ப்கின் பைக்குப் போடுகிறவர்கள் உண்டு. அது நாரும் தண்ணீரும்தான். பை பம்ப்கின் என்று விற்கும் சின்னப் பூசணியோ, பட்டர்நட் ஸ்குவாஷோ வாங்குங்கள். அவிக்காதீர்கள், இரண்டாகப் பிளந்து, வெட்டின பக்கம் கீழே இருக்க அவணில் சுட்டு, மசித்து, மெல்லிய துணியில் கட்டி ஒரு மணித்தியாலம் தொங்கவிடுங்கள். ஒரு பூசணியில் இருந்து எவ்வளவு தண்ணீர் சொட்டும் என்பதை ஒரு முறை பார்த்தால் பிறகு இந்த வேலையை விடவே மாட்டீர்கள். ரின்னில் வாங்குவதும் நல்லதுதான், பெயரை மட்டும் கவனியுங்கள். வெறும் பூசணிக் கூழ் ஒன்று. சீனியும் வாசனைத் தூளும் ஏற்கெனவே சேர்த்த கலவை இன்னொன்று. இரண்டும் கடையில் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

பம்ப்கின் பை உள்ளே வட்டிலப்பத்தின் உறவுதான்: முட்டை இறுகி நிற்கும் இனிப்பு. வட்டிலப்பம் அதிகம் அவிந்தால் ஓட்டை விழுந்து தண்ணீர் விடுமே, இதுவும் அப்படியே. நடு முழுக்க இறுகும்வரை காத்திருந்தால் ஆறும்போது வெடிக்கும். ஓரம் இறுகி, நடுவில் மூன்று அங்குலம் மட்டும் ஜெலி போல ஆடும்போது எடுத்துவிடுங்கள். மிச்சம் உள்சூட்டிலேயே இறுகும். வெப்பமானி இருந்தால் நடுவில் 175 டிகிரி பாரன்ஹீட். சூட்டோடு பிரிட்ஜில் வைத்தால் மேலே வியர்த்து நீர் கோக்கும். அடி மா ஈரமாக இருப்பதுதான் குறை என்றால், கூழை ஊற்றுமுன் அடி மாவை மட்டும், மேலே தாள் விரித்துப் பாரத்துக்குப் பயறு போட்டு, 15, 20 நிமிடம் சுட்டுக்கொள்ளுங்கள்.

வாசனைத் தூள் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மிளகாய்த்தூளும் சரக்குத்தூளும் அரைத்த கிரைண்டரில் கறுவாவை அரைக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் அந்த வாசம் பட்டரோடு சேர்ந்து எழும்பும். இங்கே கடையில் வரும் கறுவாத்தூள் பெரும்பாலும் காசியா என்ற காரமான வகை. இலங்கையில் இருந்து வரும் மெல்லிய சுருள் கறுவா மென்மையானது, கொஞ்சம் தாராளமாகவே போடலாம். கராம்பு மட்டும் கால் தேக்கரண்டிக்கும் குறைவாக, கூடினால் கசக்கும்.

அளவுக்குத் தேநீர்க் கோப்பையை எடுக்காதீர்கள். ஒரு கப் மா ஏறக்குறைய 125 கிராம்; மா வாங்கின பக்கெற்றுக்குள் கோப்பையை அமுக்கி அள்ளினால் 150ஐத் தாண்டும். சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். அவணும் முழுச் சூடு ஏறிய பிறகே பாத்திரம் உள்ளே போகட்டும்.

மிஞ்சின கிரம்பிளை அடுத்த நாள் மைக்ரோவேவில் சூடாக்கினால் பழத்தின் ஆவி மேலே ஏறி மொறுமொறுப்பு முழுக்கப் போய்விடும். அவணில் 350 டிகிரியில் கால் மணித்தியாலம், மூடாமல்.