ஸ்லாட் கார் டியூனிங்: உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு லாஃப்டில் நாலு பேர் கூடினோம். அதில் இரண்டு பேர் ஸ்லாட் காருக்கு, அதாவது டிராக்கில் உள்ள பள்ளத்தை (ஸ்லாட்டை) பிடித்து மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் காருக்கு, புதியவர்கள். பெட்டியிலிருந்து எடுத்த காரை அப்படியே ஓட்டி அலுத்துவிட்டது, இனி டியூன் செய்தே ஆகவேண்டும் என்று வந்திருந்தார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் செய்த தவறுகளை மதியச் சாப்பாட்டுக்குள் ஒவ்வொன்றாகச் செய்து முடித்தார்கள். அன்றைக்கே எழுதவேண்டும் என்று தோன்றியது.

வளைவில் கையிலிருக்கும் வேக விசையைத் தளர்த்தாமல் போய் விழுவது, தூசி துடைக்காத டிராக்கில் ஓட்டுவது, இதெல்லாம் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றைத் தொடப்போவதில்லை. நான் சொல்வது 1:32 அளவுக் கார்களுக்கு (நிஜக் காரின் 32-இல் ஒரு பங்கு நீளம்), ஸ்கேலெக்ஸ்ட்ரிக் போன்ற பிளாஸ்டிக் டிராக்குக்கு.

காந்தத்தைக் கழற்றாமல் டியூன் செய்வது

1957-இல் பிரெட் பிரான்சிஸ் இங்கிலாந்தில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கைக் கொண்டுவந்தபோது காருக்கு அடியில் பிடிமானத்துக்கென்று காந்தம் கிடையாது. அது பிற்பாடு வந்தது. டிராக்கில் மின்சாரம் கொண்டுபோகும் தண்டவாளம் இரும்பு என்பதால் காந்தம் காரைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. குழந்தைகள் ஓட்டுவதற்கு இது நல்ல ஏற்பாடு. டியூன் செய்கிறவருக்கு இது ஒரு திரை. கோணலான டயர், ஆடுகிற ஆக்சில், தப்பான இடத்தில் எடை என்று எல்லாவற்றையும் காந்தம் மூடி மறைத்துவிடும். முதலில் அதைக் கழற்றுங்கள். கூடவே வோல்டேஜையும் 10 வோல்ட் பக்கம் இறக்குங்கள். காந்தம் இல்லாத காரை முழு வோல்டேஜில் ஓட்டினால் வளைவுக்கு வளைவு எடுத்து வைப்பதே வேலையாகிவிடும்.

ரிம்மில் பசை வைத்து ஒட்டாத டயரைத் தேய்ப்பது

என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். இதற்கு நான் கொடுத்த விலை, ஒரே குளிர்காலத்தில் மூன்று ஜோடி பின் டயரும் ஒரு மோட்டாரும்.

பெட்டியிலிருந்து வரும் ரப்பர் டயர் முழு வட்டமாக இருக்காது. அச்சில் வார்த்த கோடு நடுவில் மேடாக ஓடும். அதைத் தேய்த்துச் சமமாக்கினால் பிடிமானம் கூடும். இதுவரை யாருக்கும் சந்தேகம் இல்லை. புதியவர் என்ன செய்கிறார்? டிராக்கின் நேர்ப்பகுதியில் உப்புத்தாளை ஒட்டுகிறார். கைடை (காரின் முன்பக்கம் அடியில் ஸ்லாட்டுக்குள் இறங்கும் துண்டு) ஸ்லாட்டில் விட்டு, பின் சக்கரத்தைத் தாள்மேல் அழுத்திப் பிடித்து, விசையை முழுக்க இழுக்கிறார். கறுப்புத் தூள் பறக்கிறது, ரப்பர் வாடை வருகிறது, வேலை நடக்கிற மாதிரியே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்த புதியவர்களில் ஒரு தம்பியும் இதையேதான் செய்தார். “அண்ணா, நல்லா வட்டமாயிடுச்சு பாருங்க” என்று காரை நீட்டினார். டயரைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினேன். ரிம்மின் மேல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. ஒட்டவே இல்லை.

ஏன் இது கெடுதல்? சாதாரண மோட்டார் 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 18,000 சுற்றுச் சுற்றும். மோட்டாரில் உள்ள பினியன் கியருக்கு 9 பல், ஆக்சிலில் உள்ள கிரவுன் கியருக்கு 27 பல் என்றால் ஆக்சில் 6,000 சுற்று, அதாவது நொடிக்கு 100. அந்த வேகத்தில் ஒட்டாத ரப்பர் வெளிப்பக்கம் விரிந்து, ரிம்மை விட்டு எழும்பும். அந்த உப்பிய வடிவத்தைத்தான் நீங்கள் தேய்க்கிறீர்கள். நின்றதும் அது சுருங்கிப் பழைய இடத்துக்கு வரும்போது வட்டம் போய்விடும். கையும் எப்போதும் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாக அழுத்தும். ஆக்சிலைத் தாங்கும் சின்ன வளையமான புஷ் ஆடினால் கேட்கவே வேண்டாம். என் முதல் ஜோடியை வெர்னியரில் அளந்தபோது ஒரே டயரின் உள் ஓரம் 19.6 மி.மீ., வெளி ஓரம் 19.1 மி.மீ. டயர் கூம்பாகிவிட்டது. கூம்பு டயர் முழு அகலத்தில் தரையைத் தொடாது. உள் ஓரத்தில் மெல்லிய பட்டை மட்டும் தொடும். பிடிமானம் கூட்டுவதற்காகத் தேய்த்த டயர் தேய்க்காததைவிட மோசமாக வழுக்கியது.

மோட்டார் போனதும் இதனால்தான். சக்கரத்தை அழுத்தினால் மோட்டார் திணறும், திணறினால் அதிகக் கரண்ட் இழுக்கும், கூடு கைவைக்க முடியாத அளவு சுடும். சுருளின் வார்னிஷ் கருகும் வாடையும் ரப்பர் வாடையும் ஒன்றாக வந்ததால் எனக்கு அன்றைக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. இந்தச் சின்ன மோட்டார்களின் கூடு மடித்து மூடப்பட்டது. பிரித்துப் பிரஷ் மாற்றலாம் என்று நினைக்காதீர்கள்.

முதலில் ஆக்சிலைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் தெரிந்துவிடும். புஷ் சேசிஸில் ஆடினால் வெளிப்பக்கம் ஒரு துளி பசை வைத்து அசையாமல் செய்யுங்கள், பசை ஆக்சிலில் படக்கூடாது. பிறகு ரிம்மைத் தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். டயரைப் போட்டு அதன் விளிம்பை நிமிர்த்தி, குண்டூசி முனையில் எடுத்த சூப்பர் குளூவை நாலு இடத்தில் வையுங்கள், அடுத்த பக்கமும் அப்படியே. ஒரே இடத்தில் அதிகமாகிவிட்டால் அங்கே கட்டிதட்டி, கார் ஒவ்வொரு சுற்றுக்கும் துள்ளும். கையால் மெல்லச் சுற்றிப் பார்த்து, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

தேய்ப்பது மறுநாள். 4 அல்லது 5 வோல்ட் போதும். தாள் தட்டையான கண்ணாடியில் ஒட்டியிருக்கவேண்டும். காரின் எடையே போதும், விரலால் அழுத்தவேண்டாம். 240 எண் தாளில் ஆரம்பித்து, இன்னும் நைசான 600 எண் தாளில் முடியுங்கள். இருபது நொடி தேய்த்தால் ஒரு நிமிடம் மோட்டாரை ஆறவிடுங்கள். கடைசியில் டயரின் வெளி ஓரக் கூர்மையை மட்டும் லேசாக மழுக்குங்கள். கூர்மையான ஓரம் வழுக்கும்போது டிராக்கில் மாட்டிக் காரைக் கவிழ்த்துவிடும்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி: வெள்ளை மார்க்கரால் டயரின் குறுக்கே நாலு கோடு போட்டு, மெதுவாக இரண்டு சுற்று ஓட்டுங்கள். கோடு முழு அகலத்துக்கும் சமமாக அழிந்திருந்தால் சரி. ஒரு ஓரத்தில் வெள்ளை மிச்சம் இருந்தால் அந்த ஓரம் தரையைத் தொடவில்லை.

சிலிக்கான் டயர் போட்டிருப்பவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அதை உப்புத்தாள் தேய்க்காது, சூப்பர் குளூவும் ஒட்டாது.

எண்ணெய்

குண்டூசி முனையில் ஒரு துளி, புஷ்ஷுக்கு மட்டும்.

பிரெய்டு

கைடில் இருந்து தண்டவாளத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கம்பிப் பின்னல் இது. முனையைக் கொஞ்சம் விரித்து, லேசாகக் கீழ்நோக்கி வளைத்தால் போதும். நன்றாகத் தொடட்டும் என்று அதிகமாக வளைத்தால் அதுவே ஸ்பிரிங் மாதிரி கைடை ஸ்லாட்டிலிருந்து தூக்கிவிடும். கார் வளைவில் வெளியே போனதும் எல்லோரும் டயரைத்தான் குறை சொல்கிறார்கள்.

பாடி ஸ்குரூவை இறுக்குவது

அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். சேசிஸ் கொஞ்சம் தனியாக அசையவேண்டும்.

ஈயத்தை நினைத்த இடத்தில் ஒட்டுவது

எடை கூட்ட ஒட்டும் ஈயத்தில் முதல் துண்டு கைடுக்குப் பின்னால். பின்பக்கம் வழுக்கினால் மட்டும் அடுத்தது பின் ஆக்சிலுக்கு முன்னால், சேசிஸின் அடித்தளத்தில். பாடிக்குள் மேலே ஒட்டாதீர்கள். ஒரு கிராமுக்கு மேல் ஒரே தடவையில் சேர்க்கவும் வேண்டாம்.

சூடான காரையும் ஆறின காரையும் ஒப்பிடுவது

டயரைத் தேய்த்தார், ஈயம் வைத்தார், கியரை மாற்றினார், பிறகு கடிகாரத்தைப் பார்த்து “அரை நொடி குறைஞ்சிடுச்சு” என்றார் இன்னொரு நண்பர். எதனால் குறைந்தது என்று கேட்டேன், அவரால் சொல்ல முடியவில்லை. முதல் நேரத்தை எடுத்தபோது கார் அப்போதுதான் பெட்டியிலிருந்து வந்திருந்தது. இரண்டாவது நேரத்தை எடுக்கும்போது இருபது சுற்று ஓடிச் சூடேறியிருந்தது. எங்கள் லாஃப்டில் ஜனவரிக் குளிரில் அந்த வித்தியாசம் ஒன்றே அரை நொடி தரும்.

நான் செய்வது இது. முதல் பத்துச் சுற்றை எழுதுவதே இல்லை. அதற்குப்பின் டயரை மாஸ்கிங் டேப்பின் பசைப்பக்கத்தில் உருட்டித் தூசி எடுத்துவிட்டு, அதே லேனில் பத்துச் சுற்று எழுதுகிறேன், விழுந்த சுற்றையும் சேர்த்து. ஒன்றே ஒன்றை மாற்றி மறுபடி பத்து. அப்புறம் மாற்றியதைப் பழையபடி வைத்து இன்னொரு பத்து. பழைய நேரம் திரும்பி வந்தால்தான் மாற்றம் வேலை செய்தது என்று நம்புகிறேன். நோட்டில் ஒவ்வொரு காருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அந்தத் தம்பியின் காருக்கும் ஒரு பக்கம் திறந்தாயிற்று. டயரை ஒட்டிக் காயவைத்திருக்கிறார், இந்த ஞாயிறு தேய்க்கப்போகிறோம்.