அணைவுச் சேர்மங்கள்: நீட் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடுவில் ஓர் உலோகம், அதைச் சுற்றி எலக்ட்ரான் இணையைத் தந்து பிணையும் ஈனிகள் (அயனிகள் அல்லது மூலக்கூறுகள்), இப்படி அமைந்தவைதான் அணைவுச் சேர்மங்கள். இந்தப் பாடத்தில் ஒரு கணக்கு தப்பாகிவிட்டது என்று யாராவது வந்து நின்றால், நான் விடையைப் பார்ப்பதற்கு முன்னால் ரஃப் ஒர்க் செய்த தாளைத்தான் கேட்பேன். பெரும்பாலும் முதல் வரியிலேயே பிசகியிருக்கும். இனக்கலப்பு தெரியும், காந்தத்தன்மை தெரியும், ஆனால் உலோகத்தின் ஆக்சிஜனேற்ற எண்ணையும் (அதன் மின்சுமைக் கணக்கு) டி எலக்ட்ரான் எண்ணிக்கையையும் மனக்கணக்காகப் போட்டு அவசரத்தில் தப்பாக எடுத்திருப்பார்கள். நீட்டில் ஒரு விடை தப்பினால் 4 மார்க் கிடைக்காமல் போவதோடு இருப்பதில் 1 மார்க்கும் கழியும். தெரிந்த பாடத்தில் இப்படி இழப்பதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். அணு எண் 26, 3டி-யில் 6 எலக்ட்ரான், 4எஸ்-இல் 2. இரும்பு +2 என்றதும், கடைசியாக நிரம்பியது 3டி தானே என்று அங்கிருந்து இரண்டை எடுத்து டி4 என்று எழுதுகிறார்கள். அயனியாகும்போது முதலில் வெளியேறுவது 4எஸ் எலக்ட்ரான்கள். ஆகவே +2 என்றால் டி6, +3 என்றால் டி5. பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடில் தலா +1 உள்ள நான்கு பொட்டாசியம், தலா -1 உள்ள ஆறு சயனைடு, அதனால் இரும்பு +2. ஃபெர்ரிசயனைடில் மூன்று பொட்டாசியம்தான், இரும்பு +3. சயனைடு வலிமையான ஈனி என்பதால் எலக்ட்ரான்கள் இணை சேரும். முதலாவதில் தனித்த (இணை சேராத) எலக்ட்ரான் இல்லை, இரண்டாவதில் ஒன்று மிஞ்சும், காந்தத் திருப்புத்திறன் 1.73 போர் மேக்னட்டான். இதை எழுத அரை நிமிடம்கூட ஆகாது, தயவுசெய்து எழுதியே பாருங்கள்.

அடுத்தது, எண்ணுவதில் வரும் தப்பு. மூன்று எத்திலீன் டைஅமீன் இருந்தால் அணைவு எண் (உலோகத்தோடு ஈனிகள் போடும் பிணைப்புகளின் எண்ணிக்கை) 3 இல்லை, 6. ஆக்சலேட்டும் அப்படித்தான், இரண்டு முனைகளில் பிடிக்கும். ஈடிடிஏ ஒன்றே போதும், ஆறு இடத்தையும் எடுத்துக்கொள்ளும். எத்தனை ஈனி என்று எண்ணாமல் எத்தனை பிணைப்பு என்று எண்ணுங்கள்.

நான்கு ஈனி என்றால் நான்முகி, நான்முகி என்றால் பாரா காந்தம் (தனித்த எலக்ட்ரான் உள்ளது) என்று மனப்பாடம் செய்தவர்களை நிக்கல் நன்றாகவே மாட்டிவிடும். டெட்ராகுளோரிடோ அணைவில் நிக்கல் +2, டி8, குளோரைடு வலுவற்றது, ஆகவே நான்முகி, இரண்டு தனித்த எலக்ட்ரான், பாரா. டெட்ராசயனிடோவிலும் அதே +2, அதே டி8, ஆனால் சயனைடு இணை சேர்த்துவிடுவதால் சதுர தளம், டயா காந்தம் (தனித்த எலக்ட்ரான் இல்லாதது). நிக்கல் டெட்ராகார்பனைலில் கார்பன் மோனாக்சைடுக்கு மின்சுமை இல்லை, நிக்கலுக்கும் பூஜ்ஜியம்தான். 4எஸ்-இல் இருந்த இரண்டும் 3டி-க்குள் போய் பத்தாகிவிடும், அதனால் நான்முகி, ஆனால் டயா. இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதி வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

ஈனிகளின் வலிமை வரிசையும் இதே மாதிரிதான். அம்மோனியா எப்போதும் இணை சேர்க்கும், தண்ணீர் எப்போதும் சேர்க்காது என்று பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆறு அம்மோனியாவோடு கோபால்ட் +3 இருந்தால் தனித்த எலக்ட்ரான் இல்லை, அதே ஆறு அம்மோனியாவோடு கோபால்ட் +2 இருந்தால் மூன்று. ஆறு தண்ணீரோடு இருக்கும் கோபால்ட் +3 கூட டயா காந்தம்தான். உலோகத்தின் மின்சுமையும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. எண்முகியில் (அணைவு எண் 6) டி3-க்கும் டி8-க்கும் இந்தக் கவலையே வேண்டாம், எந்த ஈனி வந்தாலும் தனித்த எலக்ட்ரான் முறையே மூன்று, இரண்டு.

அலைநீளக் கேள்வியில் வேகமாகப் படிக்கிறவர்கள் விழுவார்கள். வலிமையான ஈனி என்றால் பிளப்பு ஆற்றல் (டி ஆர்பிட்டால்கள் பிரியும் ஆற்றல் இடைவெளி) அதிகம், ஆற்றல் அதிகம் என்றால் உட்கவரும் அலைநீளம் குறைவு. கேள்வியில் ஆற்றல் என்று இருக்கிறதா அலைநீளம் என்று இருக்கிறதா என்று அடிக்கோடு போட்டுவிட்டுத்தான் விடை வரிசைக்குப் போக வேண்டும். பெர்மாங்கனேட்டின் நிறத்துக்கு டி-டி தாவல் என்று காரணம் சொல்லாதீர்கள், மாங்கனீசு +7-இல் டி எலக்ட்ரானே கிடையாது, அது மின்சுமைப் பரிமாற்றம்.

தமிழில் படிக்கிறவர்கள் பெயரிடுதலில் ஒன்றைக் கவனியுங்கள். ஈனிகளை ஆங்கில அகர வரிசையில்தான் அடுக்க வேண்டும். தமிழ் வரிசைப்படி அக்வா (தண்ணீர் ஈனி) முன்னால் வரும், ஆங்கிலப்படி அம்மீன்தான் (அம்மோனியா ஈனி) முதலில். டை, ட்ரை போன்ற முன்னொட்டுகளை வரிசைக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது.

சில்வர் நைட்ரேட் கேள்வியில் அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் குளோரைடு மட்டுமே வீழ்படிவாகும். ஒரு கோபால்ட், மூன்று குளோரைடு, ஐந்து அம்மோனியா உள்ள சேர்மத்தின் ஒரு மோலுக்கு 2 மோல் சில்வர் குளோரைடுதான், 3 இல்லை; ஐந்து அம்மோனியாவோடு ஒரு குளோரைடும் அடைப்புக்குறிக்குள் போய்விடும். ஆல்ஃபிரட் வெர்னர் 1893-இல் முன்வைத்த கொள்கைக்கே இந்த வகைச் சேர்மங்கள்தான் அடித்தளம்.

மாற்றியத்தை (ஒரே வாய்பாடு, வேறு அமைப்பு) தாளில் மட்டும் போட்டுப் பார்ப்பது பெரிய தப்பு, தட்டையான படத்தில் எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். ஓர் எலுமிச்சம்பழத்தில் மேல், கீழ், நான்கு பக்கம் என்று ஆறு ஈர்க்குச்சி குத்துங்கள். இரண்டு குச்சி குளோரைடு. மீதி நான்கில் பக்கத்துப் பக்கத்துக் குச்சிகளை நூலால் கட்டினால் இரண்டு எத்திலீன் டைஅமீன். கண்ணாடியில் தெரிகிற மாதிரியே இன்னொரு பழத்தில் செய்து, பக்கத்தில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். குளோரைடு இரண்டும் எதிரெதிரே இருந்தால் இரண்டு பழமும் அச்சாகப் பொருந்திவிடும், ஒளியியல் மாற்றியம் கிடையாது. குளோரைடு இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் எப்படித் திருப்பினாலும் பொருந்தாது, அதுதான் ஒளியியல் மாற்றியம்.